கோதுமை முடியாத வழி

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்ட இராஜசிங்கத்தின் கார், ஜெனீவா போய்ச் சேர நாலு வருடம் பிடித்தது. வழக்கமாக இரண்டு மணித்தியாலப் பாதை அது. நிறைமாதக் கர்ப்பிணியான மகள் வேணுகாவைப் பார்க்கத்தான் பயணம். அவள் ஜெனீவாக்காரப் பொடியன் ஒருவனைக் கட்டிய நாளிலிருந்து இராஜசிங்கம், "எனக்கு மகள் இல்லை" என்று கோவில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லி வந்தவர். மனைவி ஞானேஸ்வரி அழுது அழுதே அவரைக் காரில் ஏற்றினாள். அவள் மடியில், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி வைக்கிற சரக்குத்தூள் இருந்தது.

புறப்படுகிறவரிடம் "தூரமோ?" என்றுதான் கேட்கவேண்டும்; எங்கே என்று கேட்டால் போகிற காரியம் இழுபடும் என்பார்கள். கீழ்வீட்டு இரத்தினம்மா அதை மறந்து, "அண்ணை, எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டாள். "சகுனம் கழிய உள்ளுக்கை போய் ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்" என்றாள் ஞானேஸ்வரி. இராஜசிங்கம் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, "சும்மா, கடைக்கு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பயேர்ன் என்ற ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலையில் நெரிசல். வயல்வழியே இறங்கினார். கோதுமை பச்சையாக நின்றது, பழுத்தது, அறுபட்டது. பனி மூடியது. கடுகுப் பூ மஞ்சளாக விரிந்தது. பிறகும் கோதுமை. "சுவிஸ்காரன் கெட்டிக்காரன், ஒரு பக்கம் விதைக்க மற்றப் பக்கம் அறுக்கிறான்" என்றார் இராஜசிங்கம். பெற்றோல் முள் அசையவில்லை. கட்டிவந்த புட்டும் ஆறவில்லை. ஓஸ்டர்முண்டிகனில் அவர் துப்புரவு வேலை செய்த மருத்துவமனை, சில மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்தது. ஞானேஸ்வரி மணிக்கொருதரம் மகளுக்கு எடுத்து, "வந்துகொண்டிருக்கிறம் பிள்ளை" என்றாள். ஜெனீவாவில் அந்த அழைப்பு வருடத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. தொலைபேசியை இராஜசிங்கத்திடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

கடைசியில் ஒரு உழவு இயந்திரம் பாதையை மறித்தது. அதிலிருந்த விவசாயி தன் மொழியில் ஏதோ கேட்டார். இராஜசிங்கத்துக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்கிறார் என்பது கையசைவிலேயே விளங்கியது. புருஷனே சொல்லட்டும் என்று ஞானேஸ்வரி இருந்தாள். இராஜசிங்கம் தமிழிலேயே சொன்னார்: "என்ரை மகளிட்டைப் போறன்." விவசாயி தலையாட்டி வழி விட்டார். அடுத்த வளைவிலேயே, ஜெனீவா வழியில் வருகிற லொசான் ஊரின் பலகை தெரிந்தது.

ஜெனீவாவில் வேணுகா வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். படத்தில் பார்த்த முகங்கள்தான் அவளுக்கு. "அம்மப்பா, இவ்வளவு நாளும் எங்கை போனனீங்கள்?" என்றாள். பிறந்த அன்றைக்குத் தூக்கியிருக்கவேண்டிய பிள்ளை. இராஜசிங்கம் வாசலிலேயே முழங்காலில் இருந்தார். "உன்னட்டைத்தான் வந்துகொண்டிருந்தனான், ராசாத்தி."

ஞானேஸ்வரி நேரே அடுப்படிக்குப் போய்ச் சரக்குக்கறி வைத்தாள். நாலு வருடம் பிந்திய பத்தியத்தை வேணுகா அழுதுகொண்டே தின்றாள். மிளகு கூடிப்போச்சு என்றாள். இராஜசிங்கம் தன் பங்குக்கு மகளின் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை வார்த்தார்.