லெஸ்லியின் வாயில் பால்

லெஸ்லி பால் குடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆட்கள் முன்னால் வாயைத் திறந்து சொல்வதுதான் என்னால் முடியாத காரியம்.

லெஸ்லி ஒரு சின்ன மலைப்பாம்பு. அண்ணன் கீதன் அல்பேட்டாவுக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுச் சென்றது. நஞ்சில்லை, படமெடுக்கவும் தெரியாது. மல்வேர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், கண்ணாடித் தொட்டிக்குள், சூடேற்றும் மின்விரிப்பின் மேல் சுருண்டு கிடக்கும். மார்கழியில் ஒருநாள், இடியப்பத் தட்டு இரவல் வாங்க வந்த மேல்மாடிச் சந்திரவதனா அன்ரி அதைக் கண்டுவிட்டார்.

"ஐயோ, நாகதம்பிரான்! உங்கடை வீட்டிலையோ எழுந்தருளியிருக்கிறார்?"

"கீதன்ரை பாம்பு, அக்கா. பேர் லெஸ்லி," என்றார் அம்மா.

"சுவாமிக்கு ஆரும் லெஸ்லி எண்டு பேர் வைப்பினமோ?"

அடுத்த வெள்ளிக்கிழமை அன்ரி பாலும் முட்டையும் மஞ்சளும் கொண்டு வந்தார். கூடவே நான்கு அன்ரிமார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டியைச் சுற்றி மின்னும் லைற் தொங்கவிட்டார். அந்தச் சுவரில் ஒரே ஒரு பிளக் துளைதான். விரிப்பின் பிளக்கைக் கழற்றி லைற்றைச் செருகினார். நான் மாற்றிச் செருகுவேன். விடிந்தால் லைற் மின்னிக்கொண்டிருக்கும். வெளியே பனி கொட்டியது.

தைமாதம் பிறந்ததும் லெஸ்லி சாப்பிட வைத்த எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டோரம் நுரைக் குமிழி. வாய் சரியாக மூடவில்லை. ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்: ஈறு சிவந்து வீங்கி, கடைவாயில் மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டி. பாம்புகளுக்கு வரும் வாய்ப்புண் அது. குளிர்ந்த உடம்பு நோயை எதிர்க்காது. வீட்டில் வைத்துச் சுரண்டக் கூடாது. விட்டுவிட்டால் தாடை எலும்புக்கு இறங்கி உயிரைக் கொண்டுபோகும்.

அதே கட்டியை அன்ரியும் பார்த்தார்.

"பால் குடிச்சிருக்கிறார்! கடைவாயிலை தயிராய் நிக்குது, பாருங்கோ!"

பின்னேரம் லிஃப்ற் வாசலில் இருந்து எங்கள் கதவு வரை, கும்பிட வந்தவர்கள் கழற்றிவிட்ட சப்பாத்துகள்.

"அம்மா, டொக்டரிட்டைக் கொண்டுபோகோணும்."

"சனம் நிக்குது. பிறகு பாப்பம்."

"சுவாமியை இருப்பிடத்திலை இருந்து அசைக்கக்கூடாது, பிள்ளை," என்றார் அன்ரி.

லெஸ்லி நுரைத்துக்கொண்டே கிடந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"திருவிழாவெண்டால் சுவாமி வெளிவீதி வாறவர்தானே, அன்ரி?"

அன்ரியின் முகம் மலர்ந்தது. "அட, உதை நான் யோசிக்கேல்லை!"

இப்படித்தான் லெஸ்லி வெளிவீதி புறப்பட்டது. தலையணை உறைக்குள் பாம்பு. உறை கூலர் பெட்டிக்குள், பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல். பெட்டிக்கு மேலே அன்ரி பிடித்த ரோஸ் குடை. மோர்னிங்சைட் போகும் பஸ்ஸிலும் அவர் குடையை மடக்கவில்லை. பின்சீற்றில் மற்ற அன்ரிமாரின் தேவாரம் தொடங்கிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்; பிறகு பார்க்கவில்லை.

மோர்னிங்சைட்டில் மிருக வைத்தியர், டொக்டர் ஸ்டெபனி, லெஸ்லியின் வாயை மெல்லத் திறந்து, பஞ்சுக் குச்சியில் கட்டியைத் தொட்டு எடுத்தார். வேகமான ஆங்கிலத்தில் விளக்கினார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"என்னவாம், பிள்ளை?"

"பாலில்லை, அன்ரி. சீழ். குளிரிலை வாய் பழுத்துப்போச்சுது."

அன்ரி குச்சியை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் சீழையோ கும்பிட்டனாங்கள்?"

"பிளக்கைக் கழட்டினது நான்தான்," என்றார் அம்மா, கூலர் பெட்டியிடம்.

லைற் அலுமாரிக்குப் போனது. நான் டொக்டர் காட்டித் தந்தபடி ஊசி போட்டேன். அவர் தந்த மருந்துத் தண்ணீரால் வாயைக் கழுவினேன். அன்ரி வாலைப் பிடித்தபடி, "கொஞ்சம் பொறுங்கோ, சுவாமி, முடிஞ்சுது," என்பார். பாலை நிறுத்திவிட்டார். வந்தவுடன் தொட்டிக்குள் இருக்கும் தெர்மோமீற்றரைக் கும்பிடுவார்.

சீழ் வற்றியது. ஈறு வெளுத்தது. ஆனால் லெஸ்லி சாப்பிட்டால்தான் பிழைத்ததென்று அர்த்தம். உறைந்த எலியை இளக்கி வைப்பேன். அது முகத்தைத் திருப்பும்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்ரி பூவோடு நிற்கையில், லெஸ்லி தலையை உயர்த்தியது. ஒரே பாய்ச்சல். எலியின் தலை உள்ளே போய்விட்டது.

"வெள்ளிக்கிழமையிலை சுவாமி மச்சம் சாப்பிடுறாரோ!"

அன்ரியின் கையிலிருந்த பூ விழுந்தது. இப்போது தொட்டியைத் தட்டினால் லெஸ்லி கக்கிவிடும்.

அன்ரி தட்டவில்லை. குளியலறைக்குப் போய்ப் பெரிய துவாயொன்றை எடுத்து வந்தார்.

"உந்தப் பக்கத்தைப் பிடி, பிள்ளை. சுவாமி சாப்பிடேக்கை திரை போடோணும்."

எலியின் வால் உள்ளே போய் முடியும்வரை, நானும் அவரும் துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பார்த்தபடி நின்றோம்.