திருப்பத்துப் பாறையில் ஊர்ப்பெயர்

மாதனுக்கு எழுத்து வாய்த்ததே நாற்பத்தாறு வயதில்தான். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில், வேலை முடிந்த அலுப்போடு, கண் சொருகச் சொருக உட்கார்ந்து கற்றது. மேலே புள்ளி வைத்தால் எழுத்து வாயை மூடிக்கொள்ளும் என்று அங்கே சொல்லிக்கொடுத்த கலையரசி டீச்சர் சொன்னது மட்டும் மனதில் அப்படியே நின்றது.

மகள் தமிழ்ப்ரியாவுக்கு நிறைமாதம் என்று மலையேறி ஊருக்கு வந்திருந்தான். போன மாதம் ஊரில் உயிருக்குப் போராடிய கந்தசாமியை ஏற்ற வந்த ஆஸ்பத்திரி வண்டி, புளியங்கொட்டாய்க்கு இறங்கும் திருப்பம் தெரியாமல் மேலே போய்விட்டது. திரும்பி வருவதற்குள் கந்தசாமி போய்ச் சேர்ந்துவிட்டான். மகளுக்கு அப்படி ஆகவிடக் கூடாது. திருப்பத்தில் நிற்கும் பெரிய பாறையில் ஊர்ப்பெயரை எழுதிவிடுவது என்று முடிவு கட்டினான்.

ஒரு பகல் முழுக்க இடுப்பு ஒடிய நின்று, வெள்ளைப் பெயிண்டில் எழுதினான். கடைசியாகக் கட்டைவிரலைத் தோய்த்து ங், ட், ய் மூன்றின் தலையிலும் புள்ளி வைத்தான்.

விடிந்து போய்ப் பார்த்தால் பாறையெங்கும் மஞ்சள். கொம்பு எது, கால் எது என்று தெரியவில்லை. எல்லா எழுத்தின் தலையிலும் குங்குமம். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, சாமி வெச்சிருக்கே, ஒரு வார்த்த சொல்லல?"

"அது சாமி இல்ல ரங்கம்மா, ஊரு பேரு."

"ஊரு பேருக்கு எதுக்குப் பொட்டு வெச்ச?"

"பொட்டு இல்ல, புள்ளி. மூணு எழுத்துக்குத்தான்."

"அதான் பாத்தேன். மூணுக்கு வெச்சுட்டு மிச்சத்த மூளியா உட்டா நல்லாவா இருக்குது? நாந்தான் எல்லாத்துக்கும் வெச்சேன்."

மாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "எல்லா எழுத்தையும் வாயடைச்சுட்டியே. வண்டிக்காரன் எப்படிப் படிப்பான்?"

துடைக்க எழுந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டாள் ரங்கம்மாள். "மாசமான பொண்ண வூட்ல வெச்சுக்கினு, வெச்ச பொட்ட அழிப்பியா?"

அது உறைத்தது. ஆனால் மகளுக்காகத்தானே அழிக்க வேண்டியிருக்கிறது? பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான். உருண்டைக் கல் ஒன்றை நெம்பி நெம்பி மேடேற்றினான். பாதியில் அது சறுக்கி மறுபடி தண்ணீரிலேயே விழுந்தது.

"உடுய்யா, எழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் மனைவி ராணியம்மாள்.

முட்டியில் ரத்தத்தோடு மறுபடி இறங்கினான்.

வெயில் தாழும்போது கல் பாறைக்குப் பக்கத்தில் நின்றது. "ரங்கம்மா, ஒன் சாமிய இங்க கூட்டிக்கினு வா. அது பாட்டுக்கு இங்க குந்தட்டும்."

அவள் யோசித்தாள். சொம்புத் தண்ணீரைப் பாறையில் தெளித்து, மிச்சத்தைக் கல்லின்மேல் ஊற்றிப் பொட்டு வைத்தாள். "வந்துட்டாரு. இப்பக் கழுவிக்கோ."

தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வெளிறிப்போன எழுத்தின்மேல் மறுபடி பெயிண்ட் ஏற்றி, அந்த மூன்று புள்ளியையும் வைத்தான்.

அந்த வாரமே ஒரு காலையில் மகளுக்கு வலி எடுத்தது. வண்டிக்குப் போன் போட்டாயிற்று.

"திருப்பத்துக்கு ஓடுய்யா, கைகாட்டு!" என்றாள் ராணியம்மாள்.

தமிழ்ப்ரியா அப்பன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாதன் அசையவில்லை. "எழுதியிருக்குது. படிச்சுக்கினு வருவான்."

நேரம் போனது. ராணியம்மாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மண்பாதையில் வண்டி இரைந்துகொண்டு இறங்கியது. புது டிரைவர் தலையை நீட்டினார். "புளியங்கொட்டாய் இதானே?"

"பாத்தியாண்ணே, சாமி நிறுத்திக் குடுத்துச்சு!" என்று ஓடிவந்தாள் ரங்கம்மாள்.

"சரி, நிறுத்துச்சு. கொஞ்சம் நவுரு" என்று மகளை இரு கையாலும் தூக்கி வண்டியில் ஏற்றினான் மாதன்.