மாடியில் வரைந்த வட்டம்

ரத்தப் பை கொண்டுபோன ட்ரோன் மறுபடியும் வழி தவறி எங்கோ இறங்கிவிட்டது என்று கேட்டதும், ட்ரோன் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரோ சிக்னலைக் கடத்துகிறார்கள் என்று மேலதிகாரி குதித்தார். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டியை யாரும் தொடுவதே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ட்ரோன் தானே திரும்பி வந்துவிடுகிறது. திருட வந்தவன் வெறுங்கையோடா போவான்?

அவளே நேரில் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மொட்டைமாடியில், ஆஸ்பத்திரி இறங்குதளத்தில் இருக்கும் அதே வெள்ளை வட்டம், உள்ளே அதே கறுப்புக் கட்டங்கள். பக்கத்தில் பெயின்ட் டப்பாவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேல்தளத்தில் குடியிருக்கும் பஸ் டிரைவர்.

"இத யாருண்ணே வரைஞ்சது?"

"நான்தாம்மா." அவர் மறைக்கவில்லை. "என் வீட்டுக்காரிக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. உங்க ட்ரோன் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டு, எறங்காமத் திரும்பிப் போயிருச்சு. அவளும் போயிட்டா. எவனோ வெளையாட்டா வட்டத்து மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். அந்த ஒரு ஸ்டிக்கர்ல அதோட மூளைக்கு எடமே அடையாளம் தெரியலயாம். விசாரணையில சொன்னாங்க."

அவள் குனிந்து அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்தாள்.

"படத்தப் பாத்துத்தான் எறங்கும்னா, நம்மளும் வரைஞ்சு பாப்போம்னு தோணுச்சு. எறங்குதும்மா."

"எதுக்குண்ணே? பெட்டியத் தொடக்கூட இல்லையே?"

"வந்து எறங்குறதப் பாக்கணும். அவ்வளவுதான்."

"இன்னைக்கு வந்தது வேற யாருக்கோ போக வேண்டிய ரத்தம்ணே."

அவர் முகம் வெளிறியது. "அய்யோ... அவங்க?"

"வேற ட்ரோன் அனுப்பிட்டோம். பொழைச்சுக்கிட்டாங்க."

அவர் பெயின்ட் கரைக்கும் தின்னரை ஊற்றித் துணியால் தேய்க்கத் தொடங்கினார்.

அவள் ட்ரோன்களுக்கான பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்து முடித்தாள். இனி படம் மட்டும் போதாது. தரையில் இருக்கும் கருவி ரகசியக் குறியீட்டைச் சொன்னால்தான் ட்ரோன் இறங்கும். ஆனால் வட்டம் அழிந்த பிறகும், அந்த மாடிக்கு மேலே வரும்போதெல்லாம் ட்ரோன்கள் வேகம் குறைத்து, எதையோ தேடுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றின. தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அங்கே இறங்கியபோது எடுத்த படங்களையும் சேர்த்தே அவற்றின் மூளைக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் அண்ணாந்து பார்க்கும் அதே முகம். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நீக்கிவிட்டு, புதிதாகப் பயிற்சி கொடுத்தாள். ட்ரோன்கள் நிற்காமல் கடந்துபோயின.

பிறகு ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரி மாடிக்கு அழைத்துப்போனாள். ட்ரோன் இரைந்துகொண்டே வந்து, வட்டத்தின் நடுவில் இறங்கியது. நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நர்ஸ் போன கதவு மூடும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, அன்னைக்கும் இவ்வளவு சத்தமாத்தான் வந்திருக்குமா? உள்ள படுத்திருந்தவளுக்குக் கேட்டிருக்குமா?"

ட்ரோன் மறுபடி மேலே எழும்பியது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.