மாப்பிள்ளை செட்

“மாப்பிள்ளை எவ்ளோ ஒசரம் சார்?” என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் தங்க ஜரிகை வேட்டியை உதறி விரித்தார்.

கிளெமென்ட் கேட்டது நல்லதாக ஒரு புது வேட்டி. எதற்கென்று சொல்லவில்லை. முகூர்த்த மாதத்தில், தி.நகரில், வியர்த்து வழியும் ஓர் இளைஞன் அவசரமாக நல்ல வேட்டி கேட்டால் கடைக்காரர் வேறென்ன நினைப்பார்.

“எனக்கில்ல. மாமாவுக்கு.”

“கல்யாணம் எப்போ?”

“இன்னிக்கு. நாலு மணிக்கு.”

“இன்னிக்கேவா? இப்பதான் வேட்டி எடுக்கறீங்க?”

“கடைசி நேரத்துலதான் முடிவாச்சு.”

விளக்கம் சொல்ல நேரமில்லை. ‘மணமகன்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான்.

ஏறிய பிறகுதான் உறைத்தது, மாமா என்ற சொல் அவன் வாயில் வந்து வெகுகாலம் ஆகிறது. அம்மாவின் தம்பி, பிரதர் தியோபிலஸ், மயிலாப்பூரில் துறவுச் சபைப் பள்ளியொன்றில் முப்பது சொச்சம் வருஷம் கணக்கு வாத்தியார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: “கேட்டுக்கு உள்ள எல்லாருக்கும் நான் பிரதர். உனக்கும்தான்.” சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதற்காக அவனுக்கு மட்டும் ஒவ்வொரு பரீட்சையிலும் அரை மார்க் கூடுதலாக வெட்டினார். பள்ளி முடிந்து கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் ‘பிரதர்’ நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவரும் திருத்தவில்லை. மற்ற எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்துகிறவர்.

போன் அடித்தது. “வாங்கிட்டியாடா? மூடிடப் போறாங்க.”

“வந்துட்டே இருக்கேன்மா.”

போன கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வந்தவர் கேக்கைப் பிட்டுக்கொண்டே, “அக்கா, நான் செத்தா நம்ம வீட்டுக் கோடி போடுவியா?” என்று கேட்டார். செத்தவர் மேல் போர்த்த உறவுக்காரர்கள் கொண்டுவரும் புதுத்துணியைத்தான் கோடி என்பார்கள். துறவுப் பயிற்சியில் இருந்ததால் தன் கல்யாணத்துக்கு வராத தம்பியை அம்மா அதுவரை மன்னித்திருக்கவில்லை. “உனக்கு எதுக்குடா? நீதான் சபைக்குப் பிள்ளையா போயிட்டியே. அவங்களே போடுவாங்க.”

“அதுவும் சரிதான்,” என்று சிரித்தார். இரண்டாவது துண்டு கேக் வேண்டாம் என்றுவிட்டார்.

சபை இல்லத்துச் சிற்றாலயத்தில் வெள்ளை அங்கியோடு சவப்பெட்டியில் படுத்திருந்தார். பழைய மாணவர்கள் வாசல் வரை நின்றார்கள். இல்லத் தலைவர் பிரதர் அமலதாஸ் கிளெமென்ட் கையிலிருந்த வேட்டிப் பெட்டியைப் பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. எங்க வழக்கத்துல அங்கி மட்டும்தான். வீட்டையெல்லாம் விட்டுட்டு வந்தவங்க இல்லையா.”

அவர் கண் பொன்னெழுத்தில் நின்றது. கிளெமென்ட் பெட்டியைத் திருப்பிப் பிடித்தான். பின்பக்கத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்தான். வழக்கமாக நிற்பாள்.

“அவன் கேட்டான் பிரதர்,” என்றாள். “நான்தான் மாட்டேன்னுட்டேன்.”

அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். பிறகு யாரிடமும் சொல்லாததுபோல, “தலை கொஞ்சம் தாழ்வா இருக்கு இல்ல?” என்றார்.

வேட்டியைப் பிரித்து அவரே தலையணை போல மடித்தார். “தம்பி, தலையத் தூக்கிப் பிடி.”

கிளெமென்ட் பிடித்தான். புதிதாக வெட்டியிருந்த பிடரி முடி கையில் குத்தியது. இத்தனை வருஷத்தில் அவரை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை. அமலதாஸ் வேட்டியை அடியில் நுழைத்த பிறகும் கிளெமென்ட் கையை எடுக்கவில்லை. அம்மா தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தான்.

மூடியைப் பொருத்தியவர் கதிரேசன். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று தடவை கோட்டடித்து, நாலாவது தடவை பிரதர் தயவில் கரையேறிய சைதாப்பேட்டை ஆட்டோக்காரர். குனிந்து பார்த்தவர், “பிரதர், துணி வெளிய மாட்டிக்கினு கீது. தொறந்து உள்ள தள்ளட்டா?” என்றார்.

அம்மா அமலதாஸைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரமாச்சுப்பா. தூக்குங்க.”

தூக்கினார்கள். வெளியே நல்ல வெயில். மூடியின் இடுக்கில் ஒரு விரல் அகலம் ஜரிகை மின்னிக்கொண்டே போனது. அம்மா பெட்டியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கமாக நடந்தாள்.