விருந்தாளி மீன்

அந்தத் துறைமுகத்தில் பெரிய மீனுக்கு விருந்தாளி என்று பெயர். படகுகள் கடலுக்குப் போவது சின்ன மீனைப் பிடிக்கத்தான். சின்ன மீனுக்காக இழுக்கும் வலையில் இந்தப் பெரியதும் கேட்காமல் கொள்ளாமல் ஏறிக்கொள்ளும். அதை விற்கக் கூடாது என்று சட்டம். விற்கலாம் என்று விட்டால் எல்லாரும் அதையே பிடிக்கக் கிளம்பிவிடுவார்களாம். ஆகவே செத்த மீனைத் திரும்பக் கடலிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த அழகில் வெகுகாலம் போன பிறகு யாருக்கோ புத்தி வந்து, கொட்டுகிறதை இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி வாங்கினார்கள். அப்படித்தான் விருந்தாளி அக்காவின் கூடத்துக்கு வர ஆரம்பித்தது.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கைவிடப்பட்ட பேருந்துப் பணிமனை ஒன்றில் இலவச உணவுக் கூடம் நடத்திவந்தாள். மாவு, டின் பயறு, முந்தாநாள் ரொட்டி, தோல் சுருங்கிய ஆப்பிள். யார் கொடுத்தாலும் வாங்குவாள், யார் கேட்டாலும் கொடுப்பாள். வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். தெரிந்தவர் எதிரே வந்தால் தெரியாத மாதிரி திரும்பிக்கொள்வார்கள்.

மீன் வந்ததும் அதெல்லாம் மாறிப்போனது. மீன் ஆலைப் பெண்கள் தங்கள் வேலைக்கு நடுவே விருந்தாளியையும் வெட்டித் துண்டு போட்டு, உறையவைத்து அனுப்புவார்கள். வெள்ளை வெளேரென்று முள் இல்லாத துண்டு. இலவச ரொட்டிக்குப் போகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மீன் வாங்கப் போகிறேன் என்று தெருவில் தாராளமாகச் சொல்லிக்கொண்டு போகலாம். வரிசையில் பேச்சும் சிரிப்பும் வந்தது. வேலை போய் வீட்டோடு கிடந்த கிரேன்காரர் ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். வால் துண்டு வேண்டாம், நடுத்துண்டு போடு என்று பேரம் வேறு. சும்மா வாங்குகிறதில் பேரம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அக்காவுக்கு நாக்கு நுனிவரை வரும். சொல்ல மாட்டாள். நடுத்துண்டையே எடுத்துப் போடுவாள். அந்தப் பேரத்தைக் கேட்கத்தான் அவள் காலையில் எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் சன்னல் வந்தது.

சன்னல் என்பது வலையின் மேல்பக்கத்தில் வைத்த ஒரு திறப்பு. பெரிய மீனுக்கு நீந்துகிற பலம் அதிகம். அது மேலே ஏறித் திறப்பு வழியாக வெளியே போய்விடும். சின்னது பலமில்லாமல் பின்னுக்குப் போய் வலையின் கோடியில் இருக்கும் மடியில் விழும். சொன்னபடியே நடந்தது. வீணாகச் சாகிற மீன் குறைந்தது. அதிகாரிகள் வந்து, சன்னலை முதலில் வைத்த படகின் கேப்டன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அக்காவின் உறைபெட்டிகள் மட்டும் காலியாகிக்கொண்டே வந்தன. கடலில் ஓர் அநியாயம் நின்றுபோனதற்காக வயிறெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான்.

சன்னலைத் தைத்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வலை பின்னும் ஊசி எந்நேரமும் காதில் செருகியிருக்கும். ஊரில் ஊசி என்று கேட்டால்தான் அவன் வீட்டைக் காட்டுவார்கள். அம்மா போன நாளிலிருந்து அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். ஒருநாள் மத்தியானம் அக்கா அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வலைக்கொட்டகைக்குப் போனாள்.

“கிரேன்காரர் இப்பல்லாம் வர்றதே இல்லடா,” என்று ஆரம்பித்தாள்.

“உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. ரொட்டிக்கு வரமாட்டாராம், மீன்னா வருவாராம். வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். அடுப்பு பத்தவச்சே நாளாச்சு போலிருக்கு. சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு சொல்றாரு.”

ஊசி வலைக்கண்ணி போட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தச் சன்னலைக் கொஞ்சம் குறுக்கினா என்னடா?”

அவன் கை நின்றது. “விளையாடாதக்கா.”

“மூடவா சொன்னேன்? குறுக்குன்னுதானே சொல்றேன். பத்து தப்பிச்சுப் போற எடத்துல ரெண்டு மாட்டட்டும்.”

“ரெண்டுன்னா ரெண்டோட நிக்கும்னு யாரு சொன்னா? வரம்பு ஒண்ணு இருக்கு, தெரியும்ல. நம்ம துறைமுகத்துப் படகு அத்தனைக்கும் சேத்து ஒரே வரம்பு. விருந்தாளி அதைத் தாண்டுச்சுன்னா சீசனையே மூடிருவாங்க. எல்லாப் படகும் கரையில கெடக்க வேண்டியதுதான்.”

“சன்னல் இல்லாத காலத்துலயே தாண்டல.”

“அப்ப வரம்பு பெருசு. சன்னல் வச்சப்புறம் அதையும் கொறச்சுட்டாங்க.”

“கொறச்சா என்ன, இந்த வருஷம் அதுல பாதிகூட வரல. எனக்குத் தெரியாதா? எல்லாம் என்கிட்டதானே வருது.” தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிடு, ஆறுது.”

அவளிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவன் அவன். அவளுக்கும் அது நன்றாகவே தெரியும். சாப்பிட்டான், கை கழுவினான், காதிலிருந்து ஊசியை எடுத்தான். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது.

அடுத்த தடவை கேப்டனின் படகு வந்தபோது அதன் எஞ்சின்காரர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, “அக்கா, விருந்தாளிங்க வந்திருக்காங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார். இஸ்திரி போட்ட சட்டையோடு கிரேன்காரர் வரிசையில் நின்றார். அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே என்று தம்பியைக் கண்ணாலேயே கேட்டாள்.

அதற்கடுத்த தடவை படகு விருந்தாளிக் கூட்டத்துக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது. கடலில் அப்படி நடப்பதுண்டு. சன்னல் முழுசாகத் திறந்திருந்தால் அத்தனையும் ஏறிப் போயிருக்கும். குறுக்கிய திறப்பில் முதலில் வந்தவை இடித்துக்கொண்டு அடைத்துக்கொள்ள, பின்னால் வந்ததெல்லாம் மடியில் விழுந்தது. வலையைத் தூக்கியபோது சின்ன மீன் மருந்துக்குக்கூட இல்லை. வருஷம் முழுவதற்குமான வரம்பு அந்த ஒரே இழுப்பில் போய்விட்டது. படகு கரைக்கு வருவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. சீசன் மூடியாயிற்று, இனி அடுத்த வருஷம்தான். படகுகளைக் கட்டிப்போட்டார்கள். சின்ன மீன் இல்லாத ஆலைக்கு என்ன வேலை, அதையும் பூட்டினார்கள்.

“எல்லாம் உங்களுக்குத்தான்,” என்று எஞ்சின்காரர் மீனைக் கூடத்து வாசலில் இறக்கினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அக்காவிடம் இருந்தது இரண்டு உறைபெட்டி. ஒவ்வொரு மீனும் இடுப்பு உயரம் இருந்தது. வெட்டித் துண்டு போடுகிற ஆலை பூட்டிக்கிடந்தது. சமையல் கத்தியை வைத்துக்கொண்டு அவளும் கிரேன்காரரும் கை மரத்துப்போகிறவரை வெட்டினார்கள். முடிந்தவரை கொடுத்தார்கள். மிச்சத்தில் ஈ மொய்த்தது. கடைசியில் நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டியது. ஊர் பட்டினியாகப் போகிற வாரத்தில் தெருவெல்லாம் மீன் நாற்றம்.

கேப்டன் வலையைக் கரையில் விரித்துப் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஊசியைக் கூப்பிட்டுக் கேட்டார். “கை தப்பிப்போச்சு,” என்றான். எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதே பதில்தான். கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டு அவனைப் போகச் சொன்னார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று தோன்றும்படி பார்த்தார்கள்.

அக்காவின் காதில் விஷயம் விழுந்தது. தம்பி வீட்டுக்கு ஓடினாள். “நான் போய்ச் சொல்லிடறேன்டா.”

“சொல்லி? கோவத்துல உன் கூடத்தை மூடிருவாங்க. அதுவும் இல்லன்னா ஜனங்க எங்க போய் நிப்பாங்க? ரெண்டு பேரும் கெட்டு என்ன ஆகப்போகுது, விடு.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவளுக்கு வசதியாகவும் இருந்தது. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் மூச்சு விடவில்லை.

வரிசை பணிமனையைத் தாண்டித் தெருமுனைவரை போனது. படகு ஆட்கள், ஆலைப் பெண்கள், வலை இழுத்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள். நேற்றுவரை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாங்குகிறவர்களாகிவிட்டார்கள். மீன் இல்லை. மாவையே பாதி பாதியாகப் பிரித்தாள். கிரேன்காரர் மறுபடி வரவில்லை. அவர் வீட்டுக்கு அனுப்பிய ரொட்டி பையோடு திரும்பி வந்தது.

ஒருநாள் காலை ஊசியும் வந்து நின்றான். கையில் இருந்ததெல்லாம் தீரும்வரை வராமல் இருந்திருக்கிறான் என்பது அவன் கழுத்தெலும்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவனுக்கு முன்னால் நின்றவர்கள் முன்னே தள்ளிப் போனார்கள். பின்னால் நின்றவர்கள் பின்னே ஒதுங்கினார்கள். நீண்ட வரிசையின் நடுவே அவன் தனியாக நின்றான்.

அவன் முறை வந்தபோது, ஆலையில் மீன் வெட்டிய வெட்டுக்காரம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள். “எங்க வயித்துல அடிச்சவனுக்கும் பங்கா?”

அக்கா மாவு முகந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “அவன் இல்ல. நான்தான். சன்னலைக் குறுக்கச் சொன்னது நான்.”

அக்கா எதற்கும் தயாராக நின்றாள். திட்டட்டும், அடிக்கட்டும், கூடத்தைச் சூறையாடட்டும் என்று இருந்தது.

வெட்டுக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த மனசு யாருக்கு வரும்க்கா? கூடப் பொறந்தவன்னு அவன் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்களே.”

“இல்லம்மா. சத்தியமா நான்தான். மீன் வரலியேன்னு நான்தான் போய்க் கேட்டேன்.”

“சத்தியமெல்லாம் பண்ணாதீங்க,” என்றார் எஞ்சின்காரர். “இவனுக்காக நீங்க பொய் சத்தியம் பண்றதைப் பாக்க எங்களுக்கே கஷ்டமா இருக்கு.”

“டேய், நீ சொல்லுடா,” என்றாள் அக்கா.

ஊசி எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு, “அக்கா எப்பவும் இப்படித்தான்,” என்றான். “சின்ன வயசுல நான் ஒடச்சதுக்கெல்லாம் அவதான் அடி வாங்குவா.”

அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. எஞ்சின்காரர் தானே முன்னால் வந்து கிண்ணத்தை எடுத்தார். ஊசியின் பையில் மாவைக் கொட்டினார். “அக்கா மூஞ்சிக்காகத் தர்றோம். இனிமே இந்தப் பக்கம் வராத,” என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

ஓடிப்போய் அவனைப் பிடித்து நிறுத்தி, அன்று கொட்டகையில் என்ன சொல்லிச் சன்னலைக் குறுக்கவைத்தாள் என்று அவள் அத்தனை பேருக்கும் விளக்கியிருக்கலாம். கேப்டனிடமே போயிருக்கலாம். போகவில்லை. அவர்கள் நம்பாமல் போனதில் தன் மனதின் ஒரு மூலை நிம்மதி அடைந்ததை அவள் கண்டுகொண்டாள். இத்தனை நாளும் தான் செய்தது ஒரு தப்பு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். தான் எப்படிப்பட்டவள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெட்டுக்காரம்மா அவள் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க இருக்கறதாலதான்க்கா நாங்க உசிரோட இருக்கோம்,” என்றாள். பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.