எண்ணெய் முறை

புதன்கிழமை கோழி. மாவில் புரட்டி வைத்திருந்த துண்டுகளை ஓக்பூன் இரண்டு கையாலும் அள்ளி அண்டாவின் ஓரமாக வழுக்கி விட்டாள். எண்ணெய் சீறி எழுந்து அடங்கியது. தலைக்கு மேலே புகைக்கூண்டு லாரி மாதிரி இரைந்தது. இரைந்ததே தவிர இழுக்கவில்லை. புகை அதன் விளிம்பு வரை போய்த் திரும்பி அவள் முகத்துக்கே வந்தது.

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போடுடி," என்றாள் மல்சுன். அவள்தான் அந்தப் பள்ளிச் சமையலறைக்குத் தலைமை. பக்கத்து அண்டாவில் சோயா விழுது சூப்பைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக்கிட்டா கையில தெறிக்கும்க்கா."

"கையில தெறிச்சா கண்ணுக்குத் தெரியும். உள்ள போறது தெரியுமா?"

ஓக்பூன் ஜல்லிக்கரண்டியால் துண்டுகளைப் புரட்டினாள். இருமல் வந்தது. தோளை உயர்த்திச் சட்டைக்குள் இருமினாள்.

வசந்த காலத்தில் மாவட்டத்துப் பள்ளிச் சமையல்காரிகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நுரையீரலைப் படம் எடுத்தார்கள். ஓக்பூனுக்கு வலது பக்கம் கீழே ஏதோ இருப்பதாக வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மூன்று நாள் படுக்க வேண்டும். இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் தள்ளிப் போட்டுவிட்டாள். மாற்று ஆள் கிடைக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம், மறுபடி குளிர்காலம் கழிந்துதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

லீவு வேண்டுமென்றால் மாற்று ஆளை நாமே தேடிக் கொடுக்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். ஆள் கிடைக்காவிட்டால் மீதிப் பேர் இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு ஈடாகத் திரும்பி வந்தவள் அவர்களுடைய எண்ணெய் முறையைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். புதனுக்குப் புதன் ஒருத்தி அண்டாவின் முன்னால் நிற்பதுதான் எண்ணெய் முறை. இதை மேலிடம் போடவில்லை. பெண்களே போட்டுக்கொண்டது. மாமியார் சாவு, மகள் கல்யாணம், மூட்டு வலி எல்லாமே இப்படித்தான் கழிந்தன.

மணி அடித்தது. நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனார்கள். நான்கு பெண்களும் தட்டு கழுவி, அண்டா தேய்த்து, தரையைத் துடைத்து, மிச்சச் சோற்றை சூப்பில் கொட்டி நின்றபடியே விழுங்கினார்கள்.

அன்று அதோடு முடியவில்லை. மாடியில் மன ஆறுதல் பயிற்சி இருந்தது. நுரையீரல் படங்களுக்குப் பிறகு கல்வி அலுவலகம் ஏற்பாடு செய்தது. புகைக்கூண்டு மாற்ற அடுத்த வருஷம்தான் பணம் வரும். பயிற்சிக்கு இந்த வருஷமே வந்துவிட்டது.

ஈர உடையோடு நால்வரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண் இளையவள். சந்தன நிற உடை. "அம்மாங்களா, முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க," என்று கைதட்டிக் கூப்பிட்டாள். முன்னால் வந்ததும் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அதில் ஒரு வட்டம், பூசணிக் கீற்று மாதிரி எட்டுத் துண்டு. உடம்பு, மனசு, குடும்பம், நட்பு, பணம், ஓய்வு, படிப்பு, அர்த்தம்.

"வாழ்க்கை ஒரு சக்கரம். எட்டுல ஒண்ணு குறைஞ்சாலும் வண்டி குலுங்கும். உங்களுக்கு எது எவ்வளவு இருக்கோ அவ்வளவு கலர் அடிங்க. யோசிக்காதீங்க. மனசு சொல்றத அடிங்க."

நால்வரில் இன்னொருத்தியான கும்நே பென்சிலைக் கட்டுப் போட்ட கையில் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றினாள். "அர்த்தம்னா என்னக்கா? அதுக்கு என்ன அடிக்கணும்?"

"காலியா விடு," என்றாள் மல்சுன். "கேட்டா மாவு தீந்துபோச்சுன்னு சொல்லு."

நால்வரிலும் சின்னவளான சொன்யோங் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"டீச்சர், ஓய்வுக்கு ஒரு சந்தேகம்," என்றாள் கும்நே. "வேலை முடிஞ்சதும் காலத் தூக்கிச் சுவத்துல சாய்ச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் படுப்போம். அது சேருமா?"

"அருமை! இந்தச் சின்னச் சின்ன சந்தோஷத்தத்தான் நாம கவனிக்கவே மாட்டேங்கறோம்."

"கால் வீங்கிப் போறதாலதான் தூக்கி வெக்கறோம்."

"அப்படியும் பாக்கலாம், இப்படியும் பாக்கலாம்மா."

அவள் ஒவ்வொருவர் தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓக்பூன் ஏழு துண்டுக்கும் ஒழுங்காகக் கொஞ்சம் கொஞ்சம் அடித்திருந்தாள். பணத்துக்குக்கூட. உடம்பு மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

"ஏம்மா இத விட்டுட்டீங்க?"

ஓக்பூன் நிமிர்ந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. "நெஞ்சுல ஏதோ இருக்குங்கறாங்க டீச்சர். செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க. போக முடியல."

கும்நேயும் சொன்யோங்கும் திரும்பிப் பார்த்தார்கள். மல்சுனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. பயிற்சிக்காரி ஓக்பூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சொரசொரவென்று இருந்திருக்க வேண்டும். ஆனாலும் விடவில்லை.

"உங்களுக்கு லீவு குடுக்க வேண்டிய முதல் ஆள் நீங்கதாம்மா. உங்கள நீங்க நேசிக்கலன்னா வேற யாரு நேசிப்பாங்க? நான் போறேன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"போறேன்," என்றாள் ஓக்பூன்.

பயிற்சிக்காரியின் கண் நனைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வாசலோரம் நின்றிருந்த ஹான் டீச்சரும் கைதட்டினாள். உணவுப் பட்டியல் போடுவதும் சமையலறையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். கடைசியில் எல்லோரும் விரலை இதயம் மாதிரி மடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாடிப்படியில் ஹான் டீச்சர் ஓக்பூனை நிறுத்தினாள். "கண்டிப்பா போகணும்மா. உடம்பு முக்கியம். மாத்து ஆள் மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க."

"கிடைக்கலையே டீச்சர். அந்தப் புதன் மட்டும் பொரிக்கறத நிறுத்திட்டு வேற ஏதாவது போட்டீங்கன்னா மூணு பேரே சமாளிச்சிடுவாங்க."

"பட்டியல் எல்லா வீட்டுக்கும் போயிடுச்சும்மா. போன மாசம் ஒரு நாள் கட்லெட்டுக்குப் பதிலா மீன் போட்டதுக்கு எத்தன போன் வந்துச்சு தெரியுமா? பிரின்சிபால் என்னத்தான் கூப்பிட்டு நிக்க வெச்சாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நானும் ஒப்பந்தத்துலதான் இருக்கேன்."

ஓக்பூன் ஓய்வறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து போன் போட்டாள். மாற்று வேலைக்குப் போகும் பில்ரே எடுத்தாள்.

"எந்த ஸ்கூலு? ஐயோ, அந்தப் புகை வீடா! மூணு நாளா? நடுவுல புதன் வருதே. புதன்னா கூடப் பொறந்தவ கேட்டாலும் வரமாட்டேன்."

"ஒரே ஒரு புதன், பில்ரே."

"ஒரு புதன் வந்துட்டு ஒரு வாரம் இருமினேன். கோவிச்சுக்காத, வெக்கறேன்."

இன்னும் சிலரைக் கேட்டாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி வேலையையே விட்டுவிட்டாளாம்.

மற்ற மூவரும் சுவரில் காலைச் சாய்த்துப் படுத்திருந்தார்கள். எல்லாமே அவர்கள் காதில் விழுந்தது.

"மூணு பேரா?" என்றாள் கும்நே கூரையைப் பார்த்தபடி. "என் மணிக்கட்டப் பாத்தியா? அரிசி மூட்டைய யாரு தூக்கறது? நீ பாட்டுக்கு மேல போய் போறேன்னு கத்திட்டு வந்துட்ட."

"ஏன்டி, அவ என்ன சேஜு தீவுக்கு டூரா போறா?" என்றாள் மல்சுன்.

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்ன?"

கும்நே காலை இறக்கி எழுந்து உட்கார்ந்தாள். கட்டின் நுனியை இழுத்து மறுபடி சுற்றினாள். "எனக்கும்தான் ஏதோ இருக்குன்னு வந்துச்சு. நான் போகல. போனா தெரிஞ்சு போயிடும்ல."

ஓய்வறைக் குளிர்பெட்டி மட்டும் உறுமியது.

"எப்படி அக்கா சொல்லாம இருந்தீங்க?" என்றாள் சொன்யோங்.

"நீ உன் படத்த வாங்கிப் பாத்தியா?" என்றாள் கும்நே.

சொன்யோங் சாக்ஸை மாட்டினாள்.

கடைசியில் மல்சுன்தான் முடித்து வைத்தாள். "செவ்வா, புதன், வியாழன் நாங்க பாத்துக்கறோம். நீ போ. முறை கிறையெல்லாம் இந்தத் தடவ வேணாம்."

"வேணாம்னா எப்படி?" ஓக்பூனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "என் மாமியார் செத்தப்போ நீங்க இழுத்தீங்க, நான் திரும்பி வந்து நின்னேன். கும்நே மக கல்யாணத்துக்கு அவ நின்னா. நோயாளின்னு எனக்கு மட்டும் சலுகையா? நான் போகவே மாட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு? எதுக்குப் போற, என்னத்தத் தலையில ஏத்திக்கற!"

"மூணு பேருக்கும் நிக்கறேன். இந்தப் பருவம் முடியற வரைக்கும் புதன் என்னோடது. சரின்னா போறேன்."

மல்சுன் அவளைப் பார்த்தாள். பிறகு கும்நேயைப் பார்த்தாள். கும்நே தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, டாக்ஸி ஓட்டும் கணவன் ஓக்பூனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் பையைக் கொடுத்தான். "முடிஞ்சதும் கூப்பிடு," என்றான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். போய்விட்டான்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தான். சிகரெட் உண்டா என்று கேட்டான். இல்லை. வீட்டுக்காரர்? அவர் விட்டு ரொம்ப நாளாச்சு. தூசி, கல், ஆஸ்பெஸ்டாஸ் வேலை ஏதாவது?

"ஸ்கூல்ல கோழி பொரிப்பேன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் துணைக்கு வருபவர் படுக்கத் தாழ்வான பலகை இருந்தது. அவளுடைய பலகையில் பை இருந்தது. பக்கத்துக் கட்டில் கிழவியின் மகள் பேரிக்காயைச் சீவி ஒரு துண்டை நீட்டினாள். "யாரும் வரலையா?" என்றாள். "வேலை," என்றாள் ஓக்பூன்.

புதன் காலையில் முதுகில் ஊசி விட்டார்கள். மூச்சைப் பிடி என்றார்கள். பிடித்தாள். இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் பிடித்தாள். அசையாமல் படுக்கச் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் படுத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தது. கிண்ணத்தில் சோறு ஒரே அளவில் அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. கீழே எங்கேயோ ஒருத்தி நின்றுகொண்டு இத்தனை கிண்ணத்தையும் அமுக்கியிருப்பாள். ஓக்பூன் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

சொன்யோங் படம் அனுப்பியிருந்தாள். கோழி கறுத்திருந்தது. 'கருகிடுச்சுக்கா. நாலு பேர் வேலைய மூணு பேர் செஞ்சா இப்படித்தான். நீங்க நல்லாத் தூங்குங்க.'

வியாழக்கிழமை கிளம்பும்போது நர்ஸ் சொன்னாள். "புகை இருக்கற பக்கம் போகாதீங்க. ரிசல்ட் அடுத்த வாரம். ஒண்ணுமில்லன்னா மெசேஜ் வரும். ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்."

அடுத்த புதன் பன்றி இறைச்சி. ஓக்பூன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அண்டாவின் முன்னால் நின்றாள். முதுகில் ஊசி போட்ட இடம் இன்னும் இழுத்தது.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் நான் நிக்கறேன்," என்றாள் சொன்யோங்.

"உன் முறை இல்லடி. போய் முட்டைக்கோச வெட்டு."

"ஊசி போட்ட எடம்..."

"ஊசி முதுகுல. பொரிக்கறது கையாலதான்."

மாவில் புரட்டிய துண்டுகள் உள்ளே போயின. எண்ணெய் பொங்கியது. வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதல் வகுப்பு வரிசைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஏப்ரனுக்கு உள்ளே, தொடையோரம், போன் அதிர்ந்தது.

ஒரு முறை அதிர்ந்து நின்றால் மெசேஜ். அது நிற்கவில்லை.

ஓக்பூன் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். புகைக்கூண்டின் இரைச்சலில் போன் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் மல்சுன் துடுப்பைப் போட்டுவிட்டு வந்தாள்.

"எடுடி."

"கையெல்லாம் மாவு."

"கையுறையக் கழட்டிட்டு எடு. நான் பாத்துக்கறேன்."

"சூப்பு அடி பிடிக்கும்க்கா. எண்ணெய்ல கெடக்கு, இப்ப விட்டா கருகிடும். போன வாரமே கருகலுக்குப் பிள்ளைங்க வீட்லேர்ந்து போன் பண்ணாங்களாம்." அவள் மல்சுனைப் பார்க்கவில்லை. "இன்னும் ரெண்டு தட்டுதான்."

போன் நின்றது. அவள் துண்டுகளை அரித்தெடுத்து வடியவிட்டாள். அடுத்த தட்டைத் தூக்கிச் சரித்தாள். எண்ணெய் சீறியது. போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. கும்நே பரிமாறும் சன்னலைத் தூக்கித் திறந்தாள். புகை ஒரு மடிப்பாக வெளியே போனது.

"வாசனை வந்துருச்சுடா!" என்று ஒரு பையன் கத்தினான். வரிசை முழுக்கக் கூச்சலிட்டது. தட்டுகளைத் தட்டினார்கள். முன்னால் நின்ற பிள்ளைகள் கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.