வாயில் அடைகாத்தவர்கள்

புள்ளிச்செவுளன் என்ற ஆற்றுமீன் உலகத்தில் இனி ஒன்றுகூட இல்லை என்று மீன்வள ஆய்வு நிலையத்து அதிகாரி கையெழுத்துப் போட்ட பிற்பகலில், அந்த மீனின் நாற்பத்து மூன்று முட்டைகள் அவருடைய மச்சினன் வாயில் இருந்தன. அதிகாரிக்கு இது தெரியும். ஆனால் பொழுதுபோக்குக்காக வளர்ப்பதையெல்லாம் அவர் மீன் என்று ஒத்துக்கொள்வதில்லை. புள்ளிச்செவுளனைப் பற்றித் தன்னைவிட அதிகம் தெரிந்த உயிர், புள்ளிச்செவுளன் உட்பட, பூமியில் கிடையாது என்பது அவர் கருத்து. இதைப் பேருந்திலும் சாப்பாட்டு மேசையிலும், சமயத்தில் தூக்கத்திலும் அவர் சொல்லிவந்தார்.

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். ஆற்றைச் சிமெண்ட் வாய்க்காலாக்குவதற்கு முந்தைய வருடம், வண்ணமீன் கடையில் வேறு ஏதோ பெயரில் கிடந்த ஆறு மீன்களை வாங்கிவந்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்தார். இந்த இனத்தில் அப்பன்தான் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு, குஞ்சுகள் நீந்தும்வரை பதினெட்டு நாள் பட்டினி கிடக்க வேண்டும். தொட்டியில் வளரும் அப்பன்களோ பயந்தாங்கொள்ளிகள். கதவைப் படாரென்று சாத்தினால் முழுங்கிவிடும். மூன்று தடவை இப்படிப் பிள்ளைகளை ஏப்பம் விட்டன. நாலாவது தடவை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வேறு பாத்திரம் அகப்படாமல் மெக்கானிக் முட்டைகளைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பொரிந்துவிட்டன. மனித வாயின் சூட்டில் மீன்முட்டை அரைமணி நேரம்கூடத் தாங்காது என்று அதிகாரி கட்டுரை எழுதியிருந்தார். முட்டைகள் அதைப் படித்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வருடம் இப்படித்தான். ஒரு பல் டாக்டரும், பள்ளி வேன் ஓட்டும் அம்மா ஒருவரும் ஆளுக்கொரு தொட்டியோடு சேர்ந்துகொண்டார்கள். முறை வைத்துச் சுமந்தார்கள். பதினெட்டு நாளும் பசிக்காது. பேசக் கூடாது, பற்பசை ஆகாது, மூச்சு மூக்கு வழியாக மட்டும். தாடையை ஓயாமல் அசைத்து முட்டைகளை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பூஞ்சை பிடித்துவிடும். பேசாத பல் டாக்டரிடம் கூட்டம் இரட்டிப்பானது. மெக்கானிக் மென்றுகொண்டே கேபிள் மாற்றினார்; குடியிருப்பவர்கள் சூயிங்கம் என்று நினைத்தார்கள்.

ஞாயிறுதோறும் மனைவியோடு, அதாவது மெக்கானிக்கின் அக்காவோடு, வரும் அதிகாரி மட்டும் விடமாட்டார். “என்ன மாப்பிள்ளை, இது எத்தனாவது மாசம்?” என்பார். “வாய் இருக்கிறவன் எல்லாம் விஞ்ஞானின்னா என் பொழப்பு என்னய்யா ஆகுறது?”

அதிகாரி கையெழுத்துப் போட்ட வருடம் குழாய்த் தண்ணீரில் மருந்து கூடிப்போய், மூன்று வீட்டு மீன்களும் ஒரே காலையில் செத்து மிதந்தன. முந்தைய நாள் மெக்கானிக் வாய்க்குப் போன நாற்பத்து மூன்றுதான் மிச்சம். பதினோராவது நாள், ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. வேன் அம்மாவுக்கு இரண்டு பல் பிடுங்கித் தையல் போட்டிருந்தது. போட்ட பல் டாக்டர் வெளியூர் போயிருந்தார். மெக்கானிக் முகம் நீலம் பாரித்து, அக்காவைப் பார்த்துத் தன் வாயைக் காட்டினார். அக்கா புருஷனைப் பார்த்தாள்.

“வாயைத் திறங்க.”

“நாளைக்குக் கருத்தரங்குடி. அது அழிஞ்சு போச்சுன்னு நான் நாப்பது நிமிஷம் பேசணும்.”

“இப்ப அவன் தும்மினான்னா நிஜமாவே அழிஞ்சிடும். பல்லு விளக்கினீங்களா?”

“ஞாயித்துக்கிழமை என்னிக்கு விளக்கியிருக்கேன்?”

“நல்லதாப் போச்சு. இருபது வருஷமா நிக்காம ஓடுற தாடை. இதைவிடத் தோதான வாய்க்கு நான் எங்க போவேன்?”

அதிகாரி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மச்சினன் கண்ணில் நீர் கோத்து, மூக்கு நுனி துடிப்பதைப் பார்த்ததும் திறந்த வாயை மூடவில்லை. மெக்கானிக் முட்டைகளை டம்ளர் தண்ணீரில் விட்டார். அக்கா அதை வாங்கி அப்படியே புருஷன் வாயில் சாய்த்தாள். அதற்குப் பிறகு வந்த தும்மலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“மெதுவா உருட்டுங்க மாமா,” என்றார் மெக்கானிக், பதினோரு நாளில் முதல் வார்த்தையாக. “அழுத்திடாதீங்க.”

மறுநாள் அதிகாரி மைக் முன்னால் நின்று நாற்பது நிமிடம் சத்தமில்லாமல் தாடையை அசைத்தார். வழக்கமாகத் தூங்கும் முன்வரிசை அன்று தூங்கவில்லை. ஒருவர் எழுந்து, புள்ளிச்செவுளன் அழிந்துவிட்டதுதானே என்று கேட்டார். அதிகாரி இல்லை என்று தலையாட்டினார், மிக மெதுவாக, ஒன்றும் நசுங்காதபடி. அதைக் குறித்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்த அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது நாக்குக்கு அடியில் ஒன்று வாலை அடித்தது. அதிகாரி நாக்கை ஓரமாக ஒதுக்கி அதற்கு இடம் விட்டார்.